யாருடைய ஆள்? செவோல் கப்பலுக்குள் இறங்கிய முக்குளிப்பாளர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஏப்ரல் 16 அன்று தென்கொரியாவின் தென்மேற்குக் கடலில் செவோல் என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தது. அதில் இருந்த 476 பேரில் 304 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 250 பேர் சுற்றுலா கிளம்பிய ஒரே பள்ளியின் மாணவர்கள். கப்பல் ஏன் சாய்ந்தது, "இருந்த இடத்திலேயே இருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு மாலுமிகள் ஏன் முதலில் வெளியேறினார்கள் என்பது பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. இந்த ஆய்வு அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியது. கப்பலுக்குள் சிக்கிய உடல்களை வெளியே கொண்டுவர இறங்கியவர்கள் யார், அவர்களை இறக்கியவர்கள் யார், அந்த இருவருக்கும் இடையே எதுவும் எழுதப்படாமல் விட்டதால் என்ன நடந்தது என்பதே இங்கு பொருள்.

இதைத் தமிழில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் கல்குவாரிக் குட்டையிலோ ஆற்றுச் சுழலிலோ யாராவது மூழ்கிவிட்டால் போலீஸ் வருகிறது, தீயணைப்பு வண்டி வருகிறது. கூடவே, "அவரைக் கூப்பிடுங்கள், அவருக்கு இந்தத் தண்ணீர் பழக்கம்" என்று உள்ளூரில் ஒருவரை அழைத்து வருகிறோம். அவர் இறங்கி எடுத்துக்கொடுக்கிறார். அவர் யாருடைய ஆள் என்ற கேள்வி அந்த நேரத்தில் யார் வாயிலும் வருவதில்லை. கொரியாவில் அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது.

தனிமனிதர்கள், நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

தேடுதலுக்குப் பொறுப்பேற்ற துறையை ஆங்கிலச் செய்திகள் கடலோரக் காவல்படை என்று குறிப்பிட்டாலும், கொரிய மொழியில் அதன் பெயர் "கடல்சார் காவல்துறை" என்பதே. 1953-ல் காவல்துறையின் அங்கமாகத்தான் அது தொடங்கப்பட்டது. எல்லை மீறும் மீன்பிடிப் படகுகளைப் பிடிப்பது, கடத்தலைத் தடுப்பது, கடலில் நடக்கும் குற்றங்களைப் புலனாய்வது, விபத்தில் சிக்கியவர்களை மீட்பது எல்லாம் அதன் பணி. அதனிடம் முக்குளிப்புப் பயிற்சி பெற்ற மீட்புக் குழுக்கள் இருந்தன.

போலீஸ் முக்குளிப்பாளரின் தொழில் என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறகு நடந்த பலவற்றுக்கு அதுவே அடிப்படை. பல நாடுகளில் இந்தப் பிரிவுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்தவை. 1943-ல் பிரான்சில் குஸ்தோவும் காக்னானும் சேர்ந்து உருவாக்கிய, முதுகில் சுமந்து செல்லும் காற்றுக் கருவி போருக்குப் பின் விற்பனைக்கு வந்தபோது, போலீஸ்காரர்களும் தண்ணீருக்குள் போக முடிந்தது. கால்வாயில் வீசப்பட்ட கத்தி, துறைமுகத்தில் எறியப்பட்ட துப்பாக்கி, ஆற்றில் பாய்ந்த கார், அதற்குள் இருக்கும் உடல் இவற்றைத் தேடுவது அவர்கள் வேலை. கண் தெரியாத சேற்றில் விரலால் தடவித் தேடுவதே அவர்களின் கலை. கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். எத்தனை முறை இழுக்கிறார் என்பதுதான் இருவருக்கும் இடையிலான பேச்சு. பெரும்பாலும் ஆழம் குறைவான நீர்நிலைகளில் நடக்கும் வேலை இது.

கவிழ்ந்த கப்பலின் வயிற்றுக்குள் 40 மீட்டர் ஆழத்தில் அறை அறையாக நுழைவது வேறு தொழில். பாலத் தூண்களுக்கு அடியில் வேலை செய்பவர்கள், மூழ்கிய கப்பலை வெட்டித் துண்டாக்குபவர்கள் செய்கிற தொழில் அது. காற்றை முதுகில் சுமக்காமல், மேலே மிதக்கும் தட்டைப் படகிலிருந்து நீளக் குழாய் வழியே பெற்றுக்கொண்டு இறங்குவார்கள். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் படகில் கம்ப்ரசரை வைத்துக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை புரியும். தொழில்முறைக் கருவியில் முகமூடியும் பேச்சுக் கம்பியும் கூடுதலாக உண்டு.

அடுத்தது இடம். கப்பல் மூழ்கியது மெங்கோல் கால்வாய் என்ற கடற்பகுதியில். கொரியாவில் நீரோட்டம் மிக வேகமான இடங்களில் அது ஒன்று. உச்சத்தில் மணிக்கு 11 கிலோமீட்டர் வரை ஓடும். நன்றாக நீந்துகிற மனிதன் அந்த வேகத்தில் பாதியைக்கூடத் தொட மாட்டான். ஓதம் திரும்பும் நேரத்தில் மட்டும் நீர் சற்று அடங்கும். சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, சில பத்து நிமிடங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த அவகாசமும் சுருங்கும். அஷ்டமி வாக்கில் கொஞ்சம் நீளும். தேடுதல் முழுவதும் இந்தக் கடிகாரத்தின் கையில் இருந்தது.

முதல் நாட்கள்

கப்பல் காலை 8:49 மணிக்குத் திடீரெனத் திரும்பிச் சாய்ந்தது. முதல் அவசர அழைப்பு 8:52-க்கு ஒரு மாணவனிடமிருந்து போனது. 9:30-ஐ ஒட்டிக் கடல்சார் காவல்துறையின் ரோந்துப் படகு ஒன்று அங்கே சேர்ந்தது. ஒரு மணி நேரத்தில் கப்பல் தலைகீழானது. உள்ளே புகுந்து மீட்கும் பயிற்சி பெற்ற குழுக்களோ நண்பகலுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. சிறப்பு மீட்புப் பிரிவு தொலைவில் பூசானில் இருந்தது. அதைத் தூக்கிவரத் தனி ஹெலிகாப்டர் இல்லை. பக்கத்து மீட்புக் குழுவும் முதலில் பஸ்ஸில் ஒரு துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து படகு பிடிக்க வேண்டியிருந்தது.

அன்று மாலையிலிருந்து அரசு அறிவிப்புகள் நூற்றுக்கணக்கான முக்குளிப்பாளர்கள் ஈடுபட்டிருப்பதாகக் கூறின. தண்ணீருக்குள் உண்மையில் இறங்கியவர்கள் மிகச் சிலர். வேகமான நீரோட்டத்தில் ஒரு வழிகாட்டிக் கயிற்றைப் பிடித்துத்தான் இறங்க முடியும். ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் இருவர் என்பதே நடைமுறை. கரையில் 500 பேர் நின்றாலும் அந்தக் கணக்கு மாறாது. ஜிந்தோ தீவின் உடற்பயிற்சிக் கூடத்தில் தரையில் போர்வை விரித்துக் காத்திருந்த பெற்றோரிடம் இந்த எளிய உண்மையை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எண்ணிக்கைக்கும் கண்ணால் கண்டதற்கும் இருந்த இடைவெளியைப் பெற்றோர் கண்டுபிடித்தார்கள். அதன்பின் யார் எதைச் சொன்னாலும் நம்பிக்கை போய்விட்டது. ஏப்ரல் 18 அன்று, தன்னை முக்குளிப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி, உள்ளே உயிரோடு இருப்பவர்களின் சத்தம் கேட்டதாகவும் போலீஸ் தடுப்பதாகவும் பேசினார். சத்தம் கேட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நம்பப்பட்டது. நம்பியவர்கள் மேல் எனக்குக் குறையில்லை.

கப்பலின் முன்பகுதி முழுவதும் நீருக்குள் போனதும் 18-ஆம் தேதிதான். கப்பலுக்குள்ளிருந்து முதல் உடல்கள், மூன்று பேர், ஏப்ரல் 19 நள்ளிரவுக்குச் சற்று முன் 4-ஆம் தளத்தின் ஜன்னலை உடைத்து எடுக்கப்பட்டார்கள். அதற்குள் ஒன்று தெளிவாகிவிட்டது. துறையின் சொந்த ஆட்களும் கடற்படையினரும் மட்டும் போதாது. கப்பலுக்குள் வேலை செய்து பழகிய தொழில்முறை முக்குளிப்பாளர்கள் வேண்டும்.

அவர்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, தங்கள் உடுப்பையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு தாமாகவே வந்தவர்கள் பலர். ஒருவர் இன்னொருவருக்குப் போன் செய்து வரவழைத்தார். இப்படித் திரண்ட சுமார் 25 பேர்தான் அடுத்த மாதங்களில் கப்பலின் உட்பகுதித் தேடுதலைச் சுமந்தவர்கள். யாரும் நியமன உத்தரவு வாங்கி வரவில்லை. சம்பளம் என்ன, காயம்பட்டால் யார் பொறுப்பு, யார் சொல்லை யார் கேட்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் எதுவும் இல்லை. தட்டைப் படகின் இரும்புத் தளத்தில் படுத்தார்கள். வயதிலும் அனுபவத்திலும் மூத்த ஒருவரை மற்றவர்கள் தலைவராக மதித்தார்கள். காவல்துறையும் சொல்ல வேண்டியதை அவர் வழியே சொன்னது. இந்த ஆய்வின் மையம் அந்த மூத்தவர்தான்.

கீழே இருந்த நிலைமை

கப்பல் தன் இடப்பக்கமாக, சுமார் 44 மீட்டர் ஆழத்தில் படுத்திருந்தது. அதன் அகலம் 22 மீட்டர். ஆக, மேல்நோக்கியிருந்த பக்கமே நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 22 மீட்டர் கீழே. அங்கிருந்து உள்ளே நுழைந்து இன்னும் இறங்க வேண்டும்.

ஒரு கட்டடத்தைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு இருட்டில் உள்ளே போவதாக எண்ணிப்பாருங்கள். நடைபாதை கிணறாகிவிடுகிறது. கதவுகள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வருகின்றன. சுவராக இருந்தது தரையாகிறது. மெத்தைகள், போர்வைகள், பயணப் பைகள், பெயர்ந்த பலகைகள் ஊறி உப்பி வழியை அடைக்கின்றன. விளக்கைப் போட்டால் கலங்கிய நீரில் வெளிச்சம் முகத்திலேயே திரும்பி அடிக்கிறது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. எனவே கப்பலின் வரைபடத்தை மனப்பாடம் செய்துகொண்டு, அதை மனத்திலேயே 90 பாகை திருப்பிக்கொண்டு, கையால் பார்க்க வேண்டும்.

உடலைக் கண்டால் கயிற்றில் கட்டி இழுக்க முடியாது. வழி குறுகல்; இடித்துச் சிதைந்துவிடும். ஒரே வழி, மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு வருவது. முகத்தோடு முகம் ஒட்டியபடி, ஒரு கையால் பிடித்து, மறு கையால் கயிற்றைப் பற்றி, காற்றுக் குழாய் எதிலும் சிக்காமல், வந்த வழியே பின்னோக்கி. அந்த மனிதர்கள் பின்னாளில் தங்கள் வேலையை விவரித்தபோதெல்லாம் மீண்டும் மீண்டும் வந்தது இந்த அணைப்புதான். இரண்டு மாணவர்கள் தங்கள் உயிர்காப்பு உடைகளின் நாடாக்களை ஒன்றோடொன்று முடிந்திருந்ததைக் கண்டவர், இருவரையும் ஒருசேரத் தூக்க முடியாததால் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது.

மேலே வந்ததும் கரைக்குச் செய்தி போகும். துறைமுகத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் அடையாளக் குறிப்பு ஒட்டப்படும். உயரம், முடியின் நீளம், சட்டையின் நிறம், அதில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர். பெற்றோர் அந்தத் தாளின் முன் கூடுவார்கள்.

உடலுக்கு இது என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். 40 மீட்டரில் நீரும் காற்றும் சேர்ந்து தரும் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் 5 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரையும்; 30 மீட்டருக்கும் ஆழமாகப் போனால் மது குடித்தது போல் புத்தியை மந்தமாக்கும். சாதாரணக் காற்றைச் சுவாசித்து அந்த ஆழத்தில் சுமார் 10 நிமிடத்துக்கு மேல் இருந்தால், நிறுத்தி நிறுத்தித்தான் மேலே ஏற வேண்டும். இல்லையென்றால் சோடா பாட்டிலைத் திறந்தது போல் உடலுக்குள் குமிழ்கள் கிளம்பும். மூட்டுகளில் வலி, பக்கவாதம், மரணம் வரை போகலாம். ஏறியதும் அழுத்தக் கூண்டுக்குள் சென்று மெல்ல மெல்ல உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இன்னொரு முறை. இதுபோன்ற ஆழத்துக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை என்பது பாதுகாப்பான வழக்கம். இங்கே பலர் நீர் அடங்கும் ஒவ்வொரு வேளையிலும் இறங்கினார்கள்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

குழாய்க் காற்றைக் கொண்டு இறங்குவது என்பது முதல் பெரிய முடிவு. சிலிண்டர் சுமந்து போனால் அந்த ஆழத்தில் சில நிமிட வேலைக்கு மேல் செய்ய முடியாது. குழாய் இருந்தால் நேரம் கிடைக்கும், மேலே இருப்பவரோடு பேசவும் முடியும். குழாய் சிக்கிக்கொள்ளும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு எடுத்த முடிவு. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பெற்றோரின் வற்புறுத்தலாலும் ஊடக அழுத்தத்தாலும் மணி வடிவ முக்குளிப்புக் கூண்டு ஒன்று வரவழைக்கப்பட்டது. மே 1 அன்று இறக்கிப் பார்த்தார்கள். ஒருவரையும் மீட்காமல் அது திரும்பிப் போனது. அதைப் பற்றிய சண்டை மாதக்கணக்கில் நடந்தது. இந்த ஆய்வுக்கு அது முக்கியமில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்கலாம் என்பதை யாரும் முடிவு செய்யவில்லை என்பதே உண்மை. நீர் அடங்கினால் இறங்குவது என்பது தானாகவே விதியாகிவிட்டது. தட்டைப் படகுக்குப் பெற்றோர் வந்து பார்த்தார்கள். மகளை இன்னும் காணாத தாய் எதிரே நிற்கும்போது "இன்று என் கணக்கு முடிந்தது" என்று எந்த முக்குளிப்பாளர் சொல்வார்? தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவருக்கும் அந்தத் தாய்க்கும் அப்பால் ஒருவரிடம் இருந்திருக்க வேண்டும். படகில் ஒரு மருத்துவர்கூட இருக்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஆட்களைக் கூட்ட வேண்டும் என்று மேலிடம் விரும்பியது. களைத்துப்போனவர்களுக்கு ஓய்வு தேவை என்பதும் உண்மை. புதியவர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்களின் தொழில் தகுதியும் உடல்நிலையும் இறங்கும் முன் முறையாகச் சரிபார்க்கப்படவில்லை.

மே 6

அப்படி வந்த ஒருவர், வயது 53, மே 6 காலை 6 மணி கடந்ததும் இறங்கினார். அங்கே அவருக்கு அது முதல் முறை. துணை இல்லாமல் தனியாகவே இறங்கினார். சுமார் 5 நிமிடத்தில், ஏறத்தாழ 25 மீட்டர் ஆழத்தில், பேச்சுக் கம்பியில் பதில் நின்றுபோனது. மற்றவர்கள் இறங்கி அவரை மேலே கொண்டுவந்தார்கள். மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு தட்டைப் படகில் மருத்துவர் அமர்த்தப்பட்டார்.

தேடுதல் தொடர்ந்தது. மே 24 அன்று அதிபர் மாளிகையின் பேச்சாளர் ஒருவர், முக்குளிப்பாளர்களுக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் வோன், ஓர் உடலை எடுத்தால் 50 லட்சம் வோன் என்று செய்தியாளர்களிடம் சொன்னது வெளியே வந்தது. அப்படி யாரும் யாருக்கும் பேசவில்லை. பிறகு வருத்தம் தெரிவித்தார். ஆனால் உடலுக்கு விலை என்ற சொல் வெளியே போன பிறகு திரும்பாது. அந்த வாரத்தில் தண்ணீருக்குள் போனவர்கள் எந்த மனநிலையில் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே கூசுகிறது. மே 30 அன்று கப்பலின் பின்பகுதியில் சுவரை வெட்டிக்கொண்டிருந்த 44 வயதுக்காரர் ஒருவர் வெடிப்பில் இறந்தார்.

ஜூலை 10 அன்று முதல் அணியை வெளியேறச் சொன்னார்கள். பணி வேறு அணிக்குப் போனது. அதற்குள் 293 பேர் கிடைத்திருந்தார்கள். அதன்பின் ஜூலை 18-ல் ஒருவரும், அக்டோபர் 28-ல் ஒருவரும் கிடைத்தார்கள். 9 பேர் கிடைக்காத நிலையில் நவம்பர் 11 அன்று தேடுதல் நிறுத்தப்பட்டது.

வழக்கு

ஆகஸ்ட் மாதத்தில் மே 6 மரணம் தொடர்பாக ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பணியில் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக. குற்றம் சாட்டப்பட்டவர் காவல்துறை அதிகாரி அல்ல. மற்றவர்கள் தலைவராக மதித்த அந்த மூத்த முக்குளிப்பாளர். புதியவரின் தகுதியைச் சோதிக்கவில்லை, பாதுகாப்பை உறுதி செய்யவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம்.

இங்கேதான் எழுதாமல் விட்ட தாள் உயிர் பெற்றது. அவர் முதலாளி என்றால் ஒப்பந்தம் எங்கே? அதிகாரி என்றால் நியமனம் எங்கே? அவரும் தாமாக வந்த ஒருவர். புதியவரை அவர் வேலைக்கு எடுக்கவில்லை. ஆனால் அன்றாடம் யார் இறங்குவது என்று வரிசை சொன்னவர் அவர். மூத்தவர் என்ற மரியாதையை, பிரச்சினை வந்தபோது, பதவி என்று சட்டம் படிக்கப் பார்த்தது.

2015 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. முக்குளிப்பாளர்களை வரவழைத்து இறக்கும் அதிகாரமும் அவர்களைக் காக்கும் கடமையும் மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கிய அரசிடமே இருந்தன என்பது தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டுக்குப் பின் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கடலில் சுமார் மூன்று மாதம் இருந்தவர், நீதிமன்றப் படிகளில் இரண்டரை ஆண்டு இருந்தார்.

உடலில் தங்கியது

குமிழ்கள் எலும்புக்குப் போகும் இரத்தத்தை மெல்ல மெல்லத் தடுத்தால் எலும்பு உள்ளேயே செத்துப்போகும். தொடை எலும்பின் தலைப்பகுதியும் தோளும் முதலில் பாதிக்கப்படும். மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். அந்த 25 பேரில் பலருக்கு இது வந்தது. முதுகுத் தட்டு விலகியவர்கள், தூக்கம் போனவர்கள், இருட்டான அறைக்குள் நுழைய முடியாதவர்கள் தனி. எலும்பு நோய் இந்தப் பணியால் வந்ததா, அதற்கு முன் செய்த பணியால் வந்ததா என்று கேட்டு இழப்பீட்டை மறுக்க முடிந்தது. ஏனென்றால் இறங்கும் முன் எடுத்த படம் யாரிடமும் இல்லை.

அவர்களில் ஒருவர் 2015-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். இனி எந்தப் பேரிடர் வந்தாலும் மக்களை அழைக்காதீர்கள், அரசே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் சொன்னதன் பொருள். முக்குளிக்க உடல் ஒத்துழைக்காததால், குடித்தவர்களின் காரை இரவில் வீட்டில் கொண்டுபோய் விடும் வேலை பார்த்தார். 2016 ஜூனில், 43 வயதில் இறந்தார். முக்குளிப்பாளர்களுக்கும் இழப்பீடு கிடைக்க வழிசெய்யும், அவர் பெயராலேயே அறியப்படும் சட்டத் திருத்தம் 2020 மே 20 அன்று நிறைவேறியது.

மாறியவையும் மாற வேண்டியவையும்

கடல்சார் காவல்துறை கலைக்கப்படும் என்று 2014 மே 19-ல் அறிவிக்கப்பட்டு, நவம்பரில் கலைக்கப்பட்டது. 2017 ஜூலையில் மீண்டும் தனித் துறையானது. இடையில் கடல் விபத்துகளுக்கென நாடு முழுமைக்குமான சிறப்பு மீட்புப் பிரிவு உருவாக்கப்பட்டது. அது நல்லது. ஆனால் பெரிய விபத்தில் அரசின் சொந்த ஆட்கள் எந்த நாட்டிலும் போதமாட்டார்கள். வெளியிலிருந்து ஆள் வரத்தான் வேண்டும். எனவே நான் கேட்பது வேறு.

இறங்குபவரின் பெயர், அவரை இறக்கும் அதிகாரியின் பெயர், காயத்துக்கும் பின்னாளைய நோய்க்கும் பொறுப்பேற்கும் அலுவலகம் இவை முதல் இறக்கத்துக்கு முன் ஒரே தாளில் இருக்க வேண்டும். 5 நிமிட வேலை. அவசரத்தில் முடியாது என்பவர்கள், உயிர்காக்கும் அறுவைக்கு முன்னும் மருத்துவமனையில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்ற பதிவேடு வேண்டும். அது இறங்குபவரின் கையிலோ மூத்தவரின் கையிலோ இல்லாமல் அதிகாரியின் கையில் இருக்க வேண்டும். மருத்துவர் முதல் மரணத்துக்குப் பிறகு வரக்கூடாது. இடுப்பு, தோள் எலும்புகளின் படம் முன்பும், பிறகு சில ஆண்டுகளுக்கும் எடுக்கப்பட வேண்டும்.

குடும்பங்களிடம், தண்ணீருக்குள் இந்த நிமிடம் எத்தனை பேர் என்ற உண்மையான எண்ணைச் சொல்ல வேண்டும். இரண்டு என்றால் இரண்டு. ஏன் இரண்டு என்று கயிற்றைக் காட்டி விளக்கினால் பெற்றோருக்குப் புரியாமல் போகாது.

நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பதும் அந்தத் தாளில் எழுதப்பட வேண்டும். செவோலில் அது எழுதப்படவில்லை. நவம்பரில் கடல் குளிர்ந்து, கப்பலின் உட்சுவர்கள் இடிந்து விழத் தொடங்கிய பிறகும் வெளிப்படையாக நிறுத்தச் சொல்லும் துணிவு அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு வரவில்லை. கடைசியில் அதைச் சொன்னவர்கள், அப்போது வரை கிடைக்காத அந்த 9 பேரின் குடும்பத்தினர். இறங்குபவர்களின் உயிருக்கு ஆபத்து கூடுகிறது, நீருக்கடியில் தேடுவதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவர்களே செய்தியாளர்கள் முன் அமர்ந்து கேட்டுக்கொண்டார்கள்.